ஏழாம் நம்பர் வீட்டின் பின்சுவர்

ஜோலார்பேட்டை ரயில்வே இன்ஜினீயர் ஆபீசில் சம்பத் என்று ஒரு டிரேசர் இருந்தான். டிரேசர் என்றதும் ஏதோ பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். டிராப்ட்ஸ்மேன் யோசித்து, அழித்து, திரும்ப வரைந்து முடித்த பிளானின் மேல் மெல்லிய டிரேசிங் துணியை விரித்து, அடியில் தெரிகிற கோட்டின் மேலேயே மையால் கோடு இழுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. பத்து வருஷம் அப்படி இழுத்தவனுக்கு ஒரு கோடுகூடச் சொந்தக் கோடு கிடையாது. அதற்காக அவன் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. அடுத்தவன் போட்ட கோட்டில் தப்பு இருந்தால் அது அடுத்தவன் தப்பு, நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம்.

பிறந்தது பேர்ணாம்பட்டில். அப்பா ஒரு தோல் மண்டியில் இருந்தார். மதராசுக்குப் போகிற தோல் கட்டுகளின் மேல் மார்க்கும் நம்பரும் எழுதுகிற வேலை. பையனுக்கு அந்தக் கை வந்திருந்தது. எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ஆனால் தோல் நாற்றம் ஆகாது, குமட்டிக்கொண்டு வரும். அதனால் அப்பா யார் யாரையோ பிடித்து, 1909ஆம் வருஷம் அவனை ரயில்வேயில் நுழைத்துவிட்டார். மறுவருஷம் ஒடுகத்தூரில் வேர்க்கடலை விவசாயம் செய்கிற குடும்பத்தில் பெண் எடுத்தார்கள். பெண்ணின் பெயர் செண்பகம். 1912இல் சுந்தரி பிறந்தாள். கம்பெனி லைன் வீடு கொடுத்தது. தண்டவாளத்தைப் பார்த்தபடி ஒரே வரிசையில் பதினாலு வீடுகள், அதில் ஏழாம் நம்பர்.

அந்த லைனில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வீடுகளுக்குப் பின்னால் ஒரு சந்து, அந்தச் சந்தின் கோடியில் தண்ணீர்க் குழாய். சந்து முழுக்கப் பெண்களுக்கு. பாத்திரம் துலக்குவது, குளிப்பது, தலை உலர்த்துவது, சண்டை போடுவது எல்லாம் அங்கேதான். ஆண்கள் முன்வாசல் வழியாகப் போய் முன்வாசல் வழியாகவே வர வேண்டும். ஆண்களுக்கான கக்கூஸும் குளியல் தொட்டியும்கூட முன்பக்கம், சிக்னல் கம்பத்தை ஒட்டி இருந்தன. யாரும் வகுத்ததில்லை, யாரும் மீறியதுமில்லை. சம்பத்தோ மீறுகிற ஜாதியே அல்ல.

1918 ஐப்பசியில் விஷ ஜுரம் வந்தது. உலகத்தையே வாரிக்கொண்டு போன ஜுரம் அது. ஜோலார்பேட்டைக்கு ரயிலிலேயே வந்து இறங்கிற்று என்று சொல்லிக்கொண்டார்கள். திங்கட்கிழமை செண்பகத்துக்கு உடம்பு காய்ந்தது, வியாழக்கிழமை காலை அவள் இல்லை. அதே வாரத்தில் லைனில் இன்னும் நாலு பேர். அழுவதற்கே ஆள் போதவில்லை. ஒடுகத்தூரிலிருந்து செண்பகத்தின் அக்கா கோவிந்தம்மாள் ஓடி வந்தாள். காரியங்களை முடித்துவிட்டுக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஆறு வயசுப் பெண்ணை இடுப்பில் தூக்குவதா என்று யாரும் கேட்கவில்லை.

பதினேழாம் நாள் சம்பத் ஆபீசுக்குப் போனான். அழவில்லை. அழக்கூடாது என்ற வைராக்கியம் ஒன்றும் இல்லை, வரவில்லை, அவ்வளவுதான். அய்யர் ஹோட்டலில் சாப்பிட்டான். ஒருநாள் கொதிக்கிற ரசம் கையில் கொட்டியது. கொப்புளம் வந்த பிறகு பக்கத்து இலைக்காரர் சொல்லித்தான் பார்த்தான். வீட்டில் முன்னறையில் படுத்தான். சமையலறைக் கதவைச் சாத்தியவன் சாத்தியவன்தான், அதற்கப்பால் இருந்த பின்கதவின் தாழ்ப்பாள் அப்படியே துருப்பிடித்தது. ஆபீசில் மட்டும் அவன் வேலை முன்னைவிடச் சுத்தமாக இருந்தது. கோடுகள் முடி கனத்துக்கு, நடுங்காமல், ஓடின. "சம்பத்தைப் பாருங்கய்யா" என்று டிராப்ட்ஸ்மேன் மற்றவர்களுக்குச் சொன்னார். இந்த இடத்தில் எனக்கு அவன்மேல் கோபம்தான் வருகிறது. பெண்டாட்டி செத்த வருஷத்தில் ஒருவன் நல்ல பேர் வாங்குவதாவது! ஆனால் அவனைக் குற்றம் சொல்லி என்ன செய்வது. கை வேலை செய்தது. மற்றதெல்லாம் கழற்றி வைத்ததுபோல் இருந்தது.

மாதம் ஒருமுறை ஒடுகத்தூர் போவான். ஆம்பூர் வரை ரயில், அப்புறம் மாதனூர் வழியாக மாட்டு வண்டி. சுந்தரிக்கு மிட்டாய் கொடுப்பான். அவள் வாங்கிக்கொள்வாள். அவன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருப்பான். அவள் கல்லாங்காய் ஆடுவாள். சாயங்கால ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிடுவான்.

மறுவருஷம் ஆனி மாதம் கோவிந்தம்மாளே திருப்பத்தூருக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்தவள், திரும்பும்போது ஜோலார்பேட்டையில் இறங்கினாள். வீட்டு வாசல்படியில் நின்றுகொண்டே பேசினாள்.

"தம்பி, ஒண்ணு சொல்லணும். கோச்சிக்காதே. சுந்தரியாண்ட அவ அம்மாவைப் பத்திக் கேட்டா, மறந்துட்டேன்னுது."

"மறந்துட்டாளா?"

"வூடு எப்பிடி இருந்துதுன்னு கேட்டேன். அதுவும் மறந்துட்டேன்னுது. ஏழு வயசாவுது. எட்டு மாசத்துல பெத்தவளை மறக்குமா? நீதான் எதுனா பண்ணணும்."

அவன் என்ன பண்ணுவான்? செண்பகத்தின் போட்டோ ஒன்று கிடையாது. வேலூருக்குப் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று அவள் ரெண்டு முறை சொல்லியிருந்தாள். அப்புறம் பார்க்கலாம் என்று இவன் சொல்லியிருந்தான். முகத்தை வரையலாம் என்றால் அவனுக்கு முகம் வரையத் தெரியாது. அதைவிட மோசம், கண்ணை மூடினால் முகமும் சரியாக வரவில்லை. மூக்குத்தி வந்தது. குரல் வரவில்லை.

அதே வாரம் கம்பெனி நோட்டீசும் வந்தது. யார்டை அகலப்படுத்தப் போகிறார்கள். பதினாலு வீடுகளையும் தைப் பொங்கல் கழித்து இடிப்பார்கள், அதற்குள் காலி செய்ய வேண்டும். அந்த யார்டு பிளானை டிரேஸ் செய்தவனே சம்பத்துதான். தன் வீட்டின் மேல் புதுத் தண்டவாளத்தை அவனே இழுத்திருக்கிறான். இழுக்கும்போது அவனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நோட்டீசைப் படித்தபோதுதான் உறைத்தது. தை பிறந்தால் குழந்தைக்குக் காட்ட வீடும் இருக்காது. வீட்டை வரைந்துவிடலாம், வீட்டைப் பார்த்தால் அதற்குள் இருந்தவள் ஞாபகத்துக்கு வருவாள் என்று முடிவுசெய்தான். அவனுக்கு எட்டிய வழி அதுதான். எட்டு மாதத்தில் அவன் எடுத்த முதல் முடிவும் அதுதான்.

முதல் படத்தைப் பற்றி லைனில் ரொம்ப நாள் சிரித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் பலகையைப் போட்டு உட்கார்ந்து வரைந்தான். எதிரில் வெள்ளையடித்த வீடு. படத்தில் ரத்தச் சிவப்பு வீடு. ஜன்னல் கம்பிகள் நல்ல நீலம். கதவு செம்மண் நிறம். அந்த வழியாக வந்த நயீம் அகமது நின்று பார்த்தான். அதே ஆபீசில் நீலப் பிரதிகளைத் தொட்டியில் அலசி உலர்த்துகிறவன், வாணியம்பாடிக்காரன், சம்பத்தைவிட ஆறு வயசு சின்னவன்.

"இன்னா சார் இது, வூடு பத்திக்கிச்சா?"

"செங்கலுக்கு கிரிம்சன் சிவப்புதானே பாய்?"

"அது பிளான்ல சார்! ஆபீஸ்ல செங்கலுக்குச் சிவப்பு, இரும்புக்கு நீலம், மரத்துக்குச் செம்மண் மாதிரி சியன்னா. இங்க உங்க கண்ணு முன்னாடி நிக்கிற சுவர் வெள்ளையா இருக்குதே, அது தெரியலியா?"

தெரியவில்லை. பத்து வருஷமாக அவன் செங்கல் என்றால் சிவப்பைத் தொட்டான், இரும்பு என்றால் நீலத்தைத் தொட்டான். மேலே சுண்ணாம்பு அடித்திருந்தால் என்ன, உள்ளே செங்கல்தானே என்று அவன் வாதாடினான். நயீம் தலையில் அடித்துக்கொண்டான்.

நயீமுக்கு எப்படித் தெரியும் என்றால், அவன் முன்னால் ஓர் இன்ஜினீயர் துரை வீட்டில் நாலு வருஷம் வேலை பார்த்தவன். துரைசாணிக்குக் கோயில், கோட்டை, பழைய மசூதி எல்லாவற்றையும் நீர்வண்ணத்தில் எழுதுகிற பித்து. முக்காலியையும் தண்ணீர்க் கூஜாவையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போக வேண்டியது நயீமின் வேலை. அந்த அம்மாள் ஒருநாளும் கற்றுக்கொடுக்கவில்லை. பிரஷைக் கழுவிக்கொடுத்துக்கொண்டே இவன் பார்த்துக்கொண்டான். ஊருக்குப் போகும்போது தேய்ந்துபோன ரெண்டு பிரஷை இவனிடம் விட்டுவிட்டுப் போனாளாம். அந்த ரெண்டில் ஒன்றைத்தான் நயீம் சம்பத்திடம் கொடுத்தான்.

ஆடியிலிருந்து கார்த்திகை வரை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நடந்தது பாடம். முதலில் காகிதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, பலகையில் விரித்து, நாலு ஓரமும் மைதா பசை தடவி ஒட்ட வேண்டும். காய்ந்தால் மத்தளத் தோல்போல் விறைத்துக்கொள்ளும். அப்புறம் வண்ணம் எவ்வளவு ஈரமானாலும் காகிதம் சுருளாது. அது சம்பத்துக்கு உடனே வந்துவிட்டது. கோணல் பார்வைதான் வரவில்லை. ஒரு மூலையிலிருந்து பார்த்தால் ஏழாம் நம்பர் பெரிதாகவும் பதினாலாம் நம்பர் சின்னதாகவும் தெரிகிறது என்பதை அவன் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்றான்.

"பதினாலும் ஒரே ஒசரம் பாய். நானே டேப் புடிச்சு அளந்திருக்கேன். பதினோரு அடி ரெண்டு அங்குலம்."

"அளந்தது இருக்கட்டும் சார். இங்கேர்ந்து பாருங்க. பதினாலாம் நம்பரு குட்டியா தெரியுதா இல்லியா?"

"தெரியுது. ஆனா குட்டி இல்லே."

"யா அல்லா, பேஜார் புடிச்ச ஆளு சார் நீங்க. தெரியறதைப் போடுங்க, போதும்."

வண்ணம் பூசுவதில்தான் பாதி நாள் போயிற்று. பலகையைச் சற்றே சாய்த்து வைத்து, பிரஷ் நிறைய வண்ணம் எடுத்து, மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இறக்க வேண்டும். கீழ் ஓரத்தில் திரளுகிற நீரைத் துரத்திக்கொண்டே வர வேண்டும். திரும்பிப் போய்த் திருத்தினால் திட்டு விழுந்துவிடும். ஜோலார்பேட்டை வெயிலில் பாதி வானம் இறங்குவதற்குள் மேல்பாதி காய்ந்துபோகும். அதனால் விடிகிறபோதே உட்கார்ந்தார்கள். வெள்ளைக்குத் தனியாக வண்ணம் கிடையாது என்று நயீம் சொன்னபோது சம்பத் நம்பவில்லை. வெள்ளை வேண்டிய இடத்தில் காகிதத்தைத் தொடாமல் விட வேண்டும், அதுதான் வெள்ளை. ஒருமுறை மூடினால் போச்சு. எதைத் தொடக்கூடாது என்று முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

சம்பத்துக்கு இதில் சந்தோஷம் இருந்ததா என்று கேட்டால், இல்லை. ஆறு மணிக்கு உட்கார்ந்தால் ஒன்பது மணி ஆகிவிடும். அந்த மூன்று மணி நேரத்தில் வேறு எதுவும் இருக்காது. அது போதுமாக இருந்தது.

கார்த்திகையில் படம் முடிந்தது. குறை சொல்ல முடியாத படம் என்று நயீமே சொன்னான். வெள்ளைச் சுவர், அதன்மேல் தாழ்வாரத்தின் நிழல், பச்சைக் கதவு, நெற்றியில் கறுப்பில் எழுதிய 7, ஓட்டுக் கூரையில் காலை வெளிச்சம். சம்பத் அதைச் சுருட்டி, பிளான் வைக்கிற தகரக் குழலில் போட்டு, ஒடுகத்தூருக்கு எடுத்துக்கொண்டு போனான்.

கோவிந்தம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். "அப்பிடியே இருக்குது தம்பி" என்றவளுக்குக் கண் நிரம்பிவிட்டது. சுந்தரியைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அவள் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். ஓரத்தில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டிப் பார்த்தாள்.

"யாரு வூடும்மா இது?" என்றான் சம்பத்.

"தெரில."

"நல்லாப் பாரு. ஏழு போட்டிருக்குது பாரு."

"ஸ்டேஷனா நைனா?"

கோவிந்தம்மாள் உள்ளே போய்விட்டாள். சம்பத் படத்தைச் சுருட்டினான். சுருட்டும்போது ஓரங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துச் சுருட்டினான். சாயங்கால ரயிலுக்கு நேரமாகவில்லை, ஆனாலும் எழுந்து வந்துவிட்டான். வண்டியில் வரும்போது அவனுக்குத் துக்கம் ஒன்றும் இல்லை. எல்லாம் முடிந்தது, ஒரு வேலை குறைந்தது என்றுதான் இருந்தது.

மறுநாள் ஆபீசில் நயீமிடம் சொன்னான். நயீம் ஈரப் பிரதியைக் கொடியில் மாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

"சார், ஒண்ணு கேக்கறேன். பாப்பா எந்த வழியா வூட்டுக்குள்ள வரும்?"

"எந்த வழின்னா?"

"நீங்க முன்வாசல். பொம்பளைங்க எல்லாம் பின்னாடி சந்து. பாப்பா யாரு கூட இருந்துது? அம்மா கூடத்தானே?"

பிளானில் வீட்டின் முகப்பு மட்டும்தான் இருக்கும். அப்புறம் குறுக்கு வெட்டு, தரைப்படம். பின்பக்கத்தை யாரும் வரையச் சொல்வதில்லை. சுண்ணாம்புகூட அப்படித்தான். தண்டவாளத்தில் டிராலியில் போகிற துரைக்குத் தெரிகிறதென்று முன்சுவருக்கு மட்டும்தான் கம்பெனி வருஷா வருஷம் அடித்தது. ஏழு வருஷம் அந்த வீட்டில் குடியிருந்தவன் அதன் பின்சுவரைப் பார்த்ததில்லை.

அன்று ஆபீஸ் விட்டதும் சமையலறைக் கதவைத் திறந்தான். பின்கதவின் தாழ்ப்பாளைச் சுத்தியால் தட்டித்தான் நகர்த்த முடிந்தது. வெளியே காலை வைத்தபோது குழாயடியில் இருந்த பெண்கள் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். எட்டாம் நம்பரில், தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேனின் பெண்சாதி பூவம்மாள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்து வந்தாள்.

"இன்னா சார், இந்தப் பக்கம்?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சுண்ணாம்பே காணாத சுவர். கரும்புகை படிந்து, கூரைக்குக் கீழே வரிசை வரிசையாக வட்டங்கள். வறட்டி தட்டிய சுவர். கீழே இருந்ததெல்லாம் மழையில் விழுந்து, வட்ட வட்டமாகக் கறை மட்டும் நின்றது. கூரையின் நீட்டலுக்கு அடியில், மழை படாத மேல்வரிசையில், ஒன்பது வறட்டிகள் இன்னும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஐந்து விரல்.

"அது செண்பகம் தட்டினது சார்" என்றாள் பூவம்மாள். "ஜுரம் வந்த அன்னிக்குக் காலையில தட்டிட்டுப் போச்சு. எடுக்கறதுக்கு எங்க யாருக்கும் மனசு வரலே. அப்பிடியே வுட்டுட்டோம்."

சம்பத் பழக்கதோஷத்தில் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தான். அளவு பார்ப்பதைத் தவிர அவனுக்கு வேறு என்ன தெரியும்? மேல்வரிசை தரையிலிருந்து ஆறடி மூன்று அங்குலம். செண்பகம் குதிகாலைத் தூக்கி, கையை நீட்டினால் எட்டுகிற உயரம். அதை அளந்து முடித்ததும் அவள் அங்கே நின்றாள். முகம் அல்ல. முதுகும், தூக்கிய கையும், நழுவுகிற வளையலும். டேப் கையைவிட்டு விழுந்தது. அந்த வருஷம் முழுக்க ஒரு கோட்டைக்கூடத் தவறவிடாத கை அது. சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு, குழாயடியில் இருந்த அத்தனை பெண்களுக்கும் முன்னால், அவன் வாய்விட்டு அழுதான். பூவம்மாள் மற்றவர்களைப் பார்த்துக் கையை அசைத்தாள். குடங்களை எடுத்துக்கொண்டு எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள்.

பொங்கலுக்கு ஐந்து வாரம் இருந்தது. பெண்கள் அவனுக்காக ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். சூரியன் சந்தில் விழுவதற்குள் தண்ணீர் வேலையை முடித்துக்கொள்வது, அப்புறம் ஒரு மணி நேரம் சந்து சாருக்கு. அவன் தினமும் ஆபீசுக்கு முன்னால் உட்கார்ந்தான். நயீம் வரவில்லை. பெண்கள் பக்கம், நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

ஆபீஸ் பட்டியலில் செங்கலுக்கு நிறம் உண்டு, மண்ணுக்கு உண்டு, ஈயத்துக்குக்கூட உண்டு. வறட்டிக்கு நிறம் கிடையாது. அவன் சியன்னாவில் கறுப்பைச் சேர்த்துப் பார்த்தான், செத்த நிறமாக வந்தது. கொஞ்சம் பச்சையைத் தொட்டான், கொஞ்சம் நீலத்தைத் தொட்டான். ரெண்டு காகிதம் வீணாயிற்று. சுவர்க் கறையின் ஓரங்கள் கெட்டியாக வந்தபோது ஈரத் துணியால் ஒற்றி எடுத்தான். விரல் பள்ளங்களுக்கு நயீம் சொன்னதைத்தான் செய்தான், பள்ளத்தில் இருட்டைப் பூசி, சுற்றியிருந்த மேட்டைத் தொடாமல் விட்டான். ஒன்பது வறட்டி, நாற்பத்தைந்து விரல். ஒவ்வொரு விரலாக ஓரத்தை விட்டுவிட்டு வந்தான். சுவரின் அடியில், தரையிலிருந்து ரெண்டடிக்கும் கீழே, சின்னச் சின்னதாக ஒரு வரிசைக் கறை இருந்தது. உடைந்து விழுந்த துண்டுகளின் கறை என்று நினைத்தான். இருந்ததை இருந்தபடி அதையும் போட்டான்.

அதற்கப்புறம் சம்பத் 1936ஆம் வருஷம் வரைக்கும் வேலையில் இருந்தான், டிராப்ட்ஸ்மேன் ஆகாமலே ஓய்வு பெற்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் என்று சுற்றி நிறையப் படம் எழுதினான். தோல் ஷெட்டுகள், மசூதி, மாதா கோயில், சத்திரம், எல்லாவற்றையும் பின்பக்கமாகப் போய்த்தான் எழுதுவான். அந்த ஊர்க்காரர்களுக்கு அது ஒரு வேடிக்கை. அதெல்லாம் பெரிய கதை இல்லை. நான் சொல்ல வேண்டியது மார்கழிக் கடைசி ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

அன்று ஒடுகத்தூரில் கோவிந்தம்மாள் கடலைக் கொல்லைக்குப் போயிருந்தாள். சுந்தரி மட்டும் வீட்டில் இருந்தாள். சம்பத் தகரக் குழலிலிருந்து படத்தை எடுத்துத் தரையில் விரித்து, நாலு மூலையிலும் கடலை நிறுக்கிற எடைக்கல்லை வைத்தான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

சுந்தரி குந்தி உட்கார்ந்து பார்த்தாள். அப்புறம் படத்தின் அடியில், அந்தச் சின்னக் கறைகளின் மேல், விரலை வைத்தாள்.

"இது நானு."

சம்பத்துக்குப் புரியவில்லை.

"இது நான் தட்டினது நைனா. எனக்குச் சின்ன சின்னதா உருட்டிக் குடுப்பாங்க. மேல இருக்கறதெல்லாம் அம்மா. நடுவுல யாருதும் இல்லே, உக்காந்து தட்டறப்போ எனக்கு எட்டாது, அம்மாக்குக் குனிஞ்சா இடுப்பு வலிக்கும்." அவள் எழுந்து, படத்துக்குப் பக்கத்தில் தரையில் ஓர் இடத்தைக் காட்டினாள். "அம்மா இங்க நிப்பாங்க. நான் இங்க. சாணித் தட்டு இங்க. பூவம்மாக்கா அங்கேர்ந்து எதுனா சொல்லுவாங்க, அம்மா சிரிப்பாங்க, கையெல்லாம் சாணியா, மூக்கு அரிக்குதுன்னு என்னாண்ட காட்டுவாங்க. நான் சொறிஞ்சு வுடுவேன்."

இவ்வளவையும் அவள் மூச்சு விடாமல் சொன்னாள். சம்பத் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெரியம்மா கேட்டப்போ மறந்துட்டேன்னு சொன்னியாமே?"

"சொன்னா பெரியம்மா அழுவாங்க."

"என்னாண்ட சொல்லியிருக்கலாமே?"

"நீ அம்மா பேரையே சொல்ல மாட்டே. நான் ஒருவாட்டி சொன்னேன், எழுந்து ரயிலுக்குப் போய்ட்டே. அதான் மறந்துட்டேன்னு சொல்லிட்டேன்."

அவனுக்கு அந்த ஒருவாட்டி ஞாபகமே இல்லை. குழந்தை மறந்துவிடுமே என்று அவன் பயந்து, ஆறு மாசம் வண்ணம் பூசக் கற்றுக்கொண்டு, துருப்பிடித்த பின்கதவைத் தட்டித் திறந்தது யாருக்காக என்று இப்போதுதான் தெரிந்தது. சொல்லக் கூசியது. ஆனாலும் அவமானத்தைவிட வேறொன்று பெரிதாக இருந்தது. செண்பகம் இருந்தாள். இந்தக் குழந்தையிடம் முழுசாக இருந்தாள்.

"அம்மா வறட்டி தட்டறப்போ ஒரு பாட்டு பாடுவாங்களே, உனக்குத் தெரியும் இல்லே நைனா?"

"தெரியாதும்மா."

"மூக்கு அரிக்கறது?"

"அதுவும் தெரியாது."

"நீ மறந்துட்டியா?"

"மறக்கலை. நான் அந்தப் பக்கம் வந்ததே இல்லே."

சுந்தரி அவனைப் பார்த்தாள். பரிதாபப்பட்டாளோ என்னவோ. அப்புறம் நகர்ந்து வந்து, படத்தை மிதிக்காமல், அவன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"சரி, மொதல்லேர்ந்து சொல்றேன்" என்றாள். "காலையில எழுந்ததும் நானும் அம்மாவும் குழாயாண்ட போவோம்."